டெஸ்க்டாப்போடு சேர்ந்து எழும் பின்னணிச் சேவைகள்: நிறுத்தினாலும் திரும்ப வருவது ஏன், எங்கே நிறுத்துவது?

கருந்திரை எழுதியது:

வணக்கம். லாகின் ஆனதும் டெஸ்க்டாப்போடு சேர்ந்து எழும் பின்னணிச் சேவைகளைக் குறைக்க வேண்டும். லினக்ஸ் கணினி ஒன்றில் க்னோம் டெஸ்க்டாப், இன்னொன்றில் கேடிஇயின் பிளாஸ்மா 6. இரண்டிலும் சேவைகளைத் தொடங்கி நிறுத்துவது சிஸ்டம்டி. மூன்று இடங்களில் முட்டி நிற்கிறது.

ஒன்று, க்னோமில் எவல்யூஷன்-சோர்ஸ்-ரெஜிஸ்ட்ரி சேவைக்கு டிசேபிள் கொடுத்தால், யூனிட்டில் (சேவையை விவரிக்கும் சிஸ்டம்டி கோப்பில்) இன்ஸ்டால் பகுதி இல்லை என்று நீளமாக ஒரு செய்தி வருகிறது. ஸ்டாப் கொடுத்தால் நிற்கிறது. அடுத்த லாகினில் மறுபடி ஓடுகிறது.

இரண்டு, கிளிப்போர்டைக் கவனிக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்டுக்கு யூனிட் எழுதி டிஃபால்ட்.டார்கெட்டில் (டார்கெட் என்பது சேர்ந்து எழும் யூனிட்களின் தொகுப்பு) சேர்த்திருக்கிறது. லாகினில் ஃபெயில் ஆகிறது. கையால் ஸ்டார்ட் கொடுத்தால் ஓடுகிறது.

மூன்று, கணினியை அணைக்கும்போது யூசர் மேனேஜர் (பயனரின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி ப்ராசஸ்) நிற்பதற்காக 1 நிமிடம் 30 நொடி காத்திருக்கிறது.

வேண்டாதவை எல்லாவற்றையும் மாஸ்க் (எழவே முடியாதபடி முடக்குதல்) செய்துவிட்டால் தீருமா?

———

நூலிழை எழுதியது:

மாஸ்க் கடைசி ஆயுதம், அதில் தொடங்காதீர்கள். ஒரு சேவையை நிறுத்துவதற்கு முன் அதை எழுப்புவது யார் என்று தெரிந்தாக வேண்டும். செஷனுக்குள் வர நான்கு வாசல்கள் இருக்கின்றன: ஆட்டோஸ்டார்ட் அடைவில் உள்ள .டெஸ்க்டாப் கோப்பு, சிஸ்டம்டியின் யூசர் யூனிட், டி-பஸ் (செயலிகள் ஒன்றோடொன்று பேசும் தடம்) அழைப்பு, டெஸ்க்டாப்பே தனக்குள் ஏற்றிக்கொள்ளும் மாட்யூல். ஒரு வாசலைப் பூட்டிவிட்டு இன்னொன்றைத் திறந்து வைத்தால் சேவை அந்த வழியாக வந்துவிடும். உங்கள் முதல் சிக்கல் அதுதான்.

எந்த வாசல் என்று கண்டுபிடிக்க, ஓடும் ப்ராசஸின் எண்ணை எடுத்து இப்படிக் கொடுங்கள்:

சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஸ்டேட்டஸ் 2841

யூனிட் பெயருக்குப் பதிலாக ப்ராசஸ் எண்ணையே கொடுக்கலாம். அது எந்த யூனிட்டைச் சேர்ந்தது என்று சிஸ்டம்டி காட்டிவிடும். பெயரின் வடிவமே பாதிக் கதையைச் சொல்லும்:

— பெயர் "ஆப்-" என்று தொடங்கி "@ஆட்டோஸ்டார்ட்.சர்வீஸ்" என்று முடிந்தால், அது .டெஸ்க்டாப் கோப்பிலிருந்து வந்தது.
— ஸ்டேட்டஸில் "ட்ரிகர்ட்பை" என்ற வரியில் ஒரு சாக்கெட் (யாராவது இணைய வந்ததும் சேவையை எழுப்பும் யூனிட்) இருந்தால், சாக்கெட்தான் எழுப்புகிறது. ஒலியைக் கையாளும் பைப்வயர் இப்படித்தான். சர்வீஸை மட்டும் நிறுத்தினால், அடுத்து ஏதாவது ஒரு செயலி ஒலி கேட்ட நொடியில் மறுபடி எழும். சாக்கெட்டையும் சேர்த்து நிறுத்த வேண்டும்.
— பெயர் "டிபஸ்-:" என்று தொடங்கினால், தனக்கென யூனிட் இல்லாமல் டி-பஸ் வழியாக எழுந்தது. டி-பஸ்ஸை டிபஸ்-ப்ரோக்கர் நடத்தும் கணினிகளில் இப்படித் தெரியும். பழைய டிபஸ்-டீமன் என்றால் அந்த ப்ராசஸ் டிபஸ்.சர்வீஸின் கீழேயே தொங்கும்.

அடுத்து "இஸ்-எனேபிள்ட்" கேட்டுப் பாருங்கள். எனேபிள்ட் என்று வந்தால் டிசேபிள் வேலை செய்யும். ஸ்டாட்டிக் என்றால் அந்த யூனிட்டில் இன்ஸ்டால் பகுதியே இல்லை, எனவே டிசேபிள் செய்ய எதுவும் இல்லை. வேறு யாரோ அதை இழுக்கிறார்கள். ஜெனரேட்டட் என்றால் ஆட்டோஸ்டார்ட் கோப்பிலிருந்து தானாக உருவானது, அந்தக் கோப்பைத்தான் திருத்த வேண்டும்.

எவல்யூஷன்-சோர்ஸ்-ரெஜிஸ்ட்ரி ஸ்டாட்டிக் வகை. க்னோம் ஷெல்லின் நாட்காட்டிப் பகுதி டி-பஸ்ஸில் அதன் பெயரைக் கூப்பிடுகிறது, டி-பஸ் அதை சிஸ்டம்டியிடம் கேட்கிறது, யூனிட் எழுகிறது. இங்கே மாஸ்க்தான் வழி. மாஸ்க் என்பது அந்தப் பெயரை /டெவ்/நல்-க்குச் சுட்டுவது, அதனால் டி-பஸ் கேட்டாலும் உடனே மறுப்பு போகும். மேல் பட்டியில் நாட்காட்டியைத் திறந்தால் நிகழ்வுகள் வராது. அது பரவாயில்லை என்றால் மாஸ்க் செய்யுங்கள், வேறு பெரிய சேதம் இல்லை.

———

முனையம்42 எழுதியது:

நூலிழை சொன்ன டி-பஸ் வாசல்ல ஒரு சேர்க்கை. டி-பஸ் சர்வீஸ் கோப்புக்குள்ள "சிஸ்டம்டிசர்வீஸ்=" வரி இருந்தாத்தான் மாஸ்க் பலிக்கும். அந்த வரி இல்லைன்னா டி-பஸ் நேரா "எக்ஸெக்=" ல இருக்கிற பைனரியை ஓட்டிடும், சிஸ்டம்டி கிட்ட அனுமதி கேட்காது.

அப்போ செய்ய வேண்டியது: /யுஎஸ்ஆர்/ஷேர்/டிபஸ்-1/சர்வீசஸ் அடைவில் இருக்கிற அந்தக் கோப்பை, வீட்டு அடைவில் .லோக்கல்/ஷேர்/டிபஸ்-1/சர்வீசஸ் கீழ நகல் எடுத்து, "நேம்=" வரியை அப்படியே விட்டுட்டு "எக்ஸெக்=/பின்/ஃபால்ஸ்"னு மாத்துங்க. பயனர் அடைவைத்தான் செஷன் பஸ் முதல்ல பார்க்கும். லாகவுட் பண்ணி வாங்க.

/யுஎஸ்ஆர் கீழ இருக்கிற மூலக் கோப்புல கை வைக்காதீங்க, அடுத்த அப்டேட்ல பழையபடி வந்துடும்.

———

தறி எழுதியது:

ஆட்டோஸ்டார்ட் வாசலைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் அதிகம் தவறு நடப்பது அங்கேதான்.

கணினி முழுமைக்குமான கோப்புகள் /இடிசி/எக்ஸ்டிஜி/ஆட்டோஸ்டார்ட் அடைவில் இருக்கும். உங்களுடையவை ~/.கான்ஃபிக்/ஆட்டோஸ்டார்ட் அடைவில். இரண்டிலும் ஒரே பெயரில் கோப்பு இருந்தால் உங்களுடையதுதான் செல்லும். ஆகவே ஒன்றை நிறுத்த, அதே பெயரில் உங்கள் அடைவில் நகல் எடுத்து, "டெஸ்க்டாப் என்ட்ரி" பகுதிக்குள் "ஹிடன்=ட்ரூ" என்ற வரியைச் சேருங்கள். பெயர் ஓர் எழுத்து மாறினாலும் அது புதுக் கோப்பு, பழையது அப்படியே ஓடும். வரியை அந்தப் பகுதிக்கு வெளியே, கோப்பின் கடைசியில் "டெஸ்க்டாப் ஆக்‌ஷன்" தலைப்புக்குக் கீழே ஒட்டிவிட்டு "வேலை செய்யவில்லை" என்று கேட்பவர்கள் பலர்.

சிஸ்டம்டி 246-லிருந்து இந்தக் கோப்புகளை யூனிட்களாக மாற்றித் தரும் ஜெனரேட்டர் இருக்கிறது. க்னோமும், 5.25-லிருந்து பிளாஸ்மாவும் இயல்பிலேயே சிஸ்டம்டி வழியாகத்தான் செஷனைத் தொடங்குகின்றன. இதில் நல்லது என்னவென்றால், ஒவ்வோர் ஆட்டோஸ்டார்ட் செயலிக்கும் தனி லாக், தனி வரம்பு கிடைக்கிறது. ஒரு சின்னத் தொல்லை: கோப்புப் பெயரில் இடைக்கோடு இருந்தால், யூனிட் பெயரில் அது பின்சாய்கோட்டுடன் ஒரு குறியீடாக மாறி வரும். அந்தப் பெயரை ஷெல்லில் கொடுக்கும்போது ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் ஷெல் பின்சாய்கோட்டை விழுங்கிவிட்டு "அப்படி ஒரு யூனிட் இல்லை" என்ற பதில் வரும்.

சில செயலிகள் திறக்கும் ஒவ்வொரு முறையும் தங்கள் ஆட்டோஸ்டார்ட் கோப்பைத் தாங்களே மறுபடி எழுதிக்கொள்ளும். அவற்றில் ஹிடன் வரியும் அழிந்துபோகும். செயலியின் அமைப்புகளுக்குள் போய் "லாகினில் தொடங்கு" என்பதை எடுப்பதுதான் நிலையான வழி. ஃப்ளாட்பேக் (தனிப் பெட்டிக்குள் ஓடும்) செயலிகள் போர்ட்டல் (செயலிக்கும் டெஸ்க்டாப்புக்கும் இடையில் நிற்கும் சேவை) மூலம் அனுமதி வாங்கி அதே அடைவில்தான் கோப்பை வைக்கின்றன, எனவே தேட வேண்டிய இடம் மாறவில்லை.

இனி பிளாஸ்மா. அதன் அமைப்புகளில் "பின்னணிச் சேவைகள்" என்ற பக்கத்தில் தெரிபவை தனித்தனி ப்ராசஸ்கள் அல்ல. எல்லாம் கேடிஇடி6 என்ற ஒரே ப்ராசஸுக்குள் ஏறும் மாட்யூல்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் நினைவகம் மிச்சமாகும் என்று வரிசையாக டிக் எடுப்பதில் பயனில்லை. ஒரு மாட்யூலை எடுத்தால் அதன் வேலை நிற்கும், ப்ராசஸ் நிற்காது. இப்போது எவை ஏறியிருக்கின்றன என்று பார்க்க:

க்யூடிபஸ்6 ஓஆர்ஜி.கேடிஇ.கேடிஇடி6 /கேடிஇடி லோடட்மாட்யூல்ஸ்

எடுத்தால் சேதம் தருபவை: பழைய திரை முறையான எக்ஸ்11 செஷனில் கேஸ்கிரீன் போனால் இரண்டாவது திரையைச் செருகும்போது பழைய அமைப்பு திரும்ப வராது. ஸ்டேட்டஸ்நோட்டிஃபையர்வாட்சர் போனால் தட்டில் உள்ள ஐகான்கள் காணாமல் போகும், செயலிகள் ஓடிக்கொண்டிருக்கும், திறக்க வழி இருக்காது. எடுத்தாலும் பரவாயில்லாதவை: புளூடூத் வன்பொருளே இல்லாத கணினியில் புளூடெவில், பிரிண்டர் இல்லாத இடத்தில் பிரிண்ட்மேனேஜர்.

கோப்புத் தேடலுக்கு அட்டவணையிடும் பலூவை மாஸ்க் செய்ய வேண்டாம். "பலூசிடிஎல்6 டிசேபிள்" கொடுங்கள், பிறகு "பலூசிடிஎல்6 பர்ஜ்". முதல் கட்டளை அமைப்பிலேயே அணைக்கிறது, இரண்டாவது வட்டில் கிடக்கும் அட்டவணையை நீக்குகிறது. மாஸ்க் மட்டும் செய்தால் அந்த அட்டவணைக் கோப்பு ஜிகாபைட் கணக்கில் அப்படியே கிடக்கலாம்.

———

நூலிழை எழுதியது:

கருந்திரை, இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். டிஃபால்ட்.டார்கெட் என்பது யூசர் மேனேஜர் எழுந்ததும் அடையும் நிலை. அந்த நேரத்தில் டெஸ்க்டாப் இன்னும் வரவில்லை. எந்தத் திரை என்று சொல்லும் டிஸ்ப்ளே, வேலண்ட்_டிஸ்ப்ளே மாறிகள் மேனேஜருக்குத் தெரியாது. ஸ்கிரிப்ட் திரையைத் தேடி, கிடைக்காமல் விழுகிறது. நீங்கள் கையால் ஸ்டார்ட் கொடுக்கும்போது டெஸ்க்டாப் வந்து மாறிகளை மேனேஜரிடம் ஒப்படைத்திருக்கும். அதனால் ஓடுகிறது. எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து லாகின்) மூலம் மட்டும் உள்ளே வந்தாலும் இந்த டார்கெட் எழும் என்பதையும் கவனியுங்கள்.

யூனிட்டை இப்படி மாற்றுங்கள்:

[யூனிட்]
பார்ட்ஆஃப்=கிராஃபிக்கல்-செஷன்.டார்கெட்
ஆஃப்டர்=கிராஃபிக்கல்-செஷன்.டார்கெட்

[சர்வீஸ்]
டைப்=எக்ஸெக்
எக்ஸெக்ஸ்டார்ட்=%எச்/.லோக்கல்/பின்/கிளிப்-காவல்
ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்
ரீஸ்டார்ட்செக்=3

[இன்ஸ்டால்]
வான்டட்பை=கிராஃபிக்கல்-செஷன்.டார்கெட்

திருத்தியபின் எனேபிள் போதாது, "ரீஎனேபிள்" கொடுங்கள். டிஃபால்ட்.டார்கெட்டில் கிடக்கும் பழைய இணைப்பை அதுதான் எடுத்துப்போடும். எனேபிள் மட்டும் கொடுத்தால் இரண்டு டார்கெட்டிலும் தொங்கி, மறுபடி சீக்கிரமே எழுந்து விழும்.

பார்ட்ஆஃப் வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் செஷன் முடியும்போது சேவை நிற்காது. இன்னொரு முனையத்தில் அதே பயனர் லாகின் ஆகியிருந்தால் மேனேஜர் சாகாது. உங்கள் ஸ்கிரிப்ட் செத்துப்போன திரையைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்.

———

முனையம்42 எழுதியது:

நூலிழை, யூனிட் சரி. ரீஸ்டார்ட்செக்=3-ல ஒரு ஓட்டை இருக்கு, கவனிங்க.

இயல்பான வரம்பு 10 நொடிக்குள்ள 5 தடவை. ரீஸ்டார்ட்செக் இயல்பு 100 மில்லிநொடி. அதனால எதுவும் மாத்தாம விட்டா ஒரு நொடிக்குள்ளேயே 5 தடவை விழுந்து "ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிப்பீட்டட் டூ குயிக்லி"ன்னு நின்னுடும். அப்புறம் ரீசெட்-ஃபெயில்ட் கொடுக்கணும். 3 நொடின்னு வெச்சா 10 நொடிக்குள்ள 4 தடவைதான் எழும். வரம்பைத் தொடவே தொடாது. ஸ்கிரிப்ட்ல உண்மையான பிழை இருந்தா நாள் முழுக்க விழுந்து எழுந்து லாகை நிரப்பும். யூனிட் பகுதியில "ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக்=60" சேருங்க. அப்போ 5 முயற்சிக்கு அப்புறம் நின்னுடும். இந்த வரி சர்வீஸ் பகுதியில இல்லை, யூனிட் பகுதியில போகணும்.

———

நூலிழை எழுதியது:

சரியான திருத்தம், நன்றி. மேலே உள்ள யூனிட்டை எடுப்பவர்கள் அந்த வரியோடு எடுங்கள்.

———

அலைவரிசை எழுதியது:

லாகின் ஆன உடனே எழ வேண்டாம், ஒன்றரை நிமிடம் கழித்து எழுந்தால் போதும் என்கிற சேவைகளுக்கு என்ன செய்வது? எக்ஸெக்ஸ்டார்ட்ப்ரீ-யில் (சேவைக்கு முன் ஓடும் கட்டளை) ஸ்லீப் 90 போடலாம் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள்.

———

நூலிழை எழுதியது:

அந்த வழி வேண்டாம். ஒரு டார்கெட் தான் விரும்பும் யூனிட்கள் எழுந்து முடியும்வரை காத்திருப்பது இயல்பு. சேவையில் ஆஃப்டர்=கிராஃபிக்கல்-செஷன்.டார்கெட் எழுதியிருந்தால் அந்தக் காத்திருப்பு நீங்கும். எழுதாமல் ஸ்லீப் 90 போட்டால் டார்கெட்டே 90 நொடி தள்ளிப்போகும். அதற்குப் பின் வர வேண்டிய மற்றவை எல்லாம் வாசலில் நிற்கும். ஆஃப்டர் எழுதியிருந்தாலும், இயல்பான தொடக்கக் கெடு 90 நொடி என்பதால் ஸ்லீப் 90 அந்த விளிம்பிலேயே போய் மோதும், சேவை டைம்அவுட்டில் விழும்.

டைமர் யூனிட் எழுதுங்கள்:

[யூனிட்]
பார்ட்ஆஃப்=கிராஃபிக்கல்-செஷன்.டார்கெட்

[டைமர்]
ஆன்ஆக்டிவ்செக்=90
அக்யூரசிசெக்=1

[இன்ஸ்டால்]
வான்டட்பை=கிராஃபிக்கல்-செஷன்.டார்கெட்

சேவையின் இன்ஸ்டால் பகுதியை நீக்கிவிட்டு டைமரை மட்டும் எனேபிள் செய்யுங்கள். சேவையில் பார்ட்ஆஃப் இருக்கட்டும். ஆன்ஸ்டார்ட்அப்செக் என்றும் ஒன்று உண்டு. அது மேனேஜர் எழுந்த நேரத்திலிருந்து எண்ணும், டெஸ்க்டாப் வந்த நேரத்திலிருந்து அல்ல. அக்யூரசிசெக்கின் இயல்பு 1 நிமிடம், அதாவது 90 நொடி என்று எழுதினாலும் 150 நொடி வரை தள்ளிப்போகலாம். நேரம் முக்கியமில்லாத சேவைக்கு அந்த வரியை விட்டுவிடலாம்.

———

தறி எழுதியது:

அலைவரிசை, தள்ளிப்போடுவதன் நோக்கம் லாகினில் வட்டும் சிபியூவும் திணறாமல் இருப்பதுதான் என்றால், வரம்பு வைப்பதும் ஒரு வழி. கோப்பு அட்டவணையிடுவது, காப்புநகல் எடுப்பது போன்றவற்றுக்கு "சிஸ்டம்சிடிஎல் --யூசர் எடிட்" கொடுத்து, திறக்கும் கோப்பில் சர்வீஸ் பகுதியில் இவற்றை எழுதுங்கள்:

ஸ்லைஸ்=பேக்ரவுண்ட்.ஸ்லைஸ்
நைஸ்=19
மெமரிஹை=300எம்

மெமரிஹை தாண்டினால் கர்னல் அந்தச் சேவையை மெதுவாக்கி நினைவகத்தைத் திரும்ப வாங்கும், கொல்லாது. மெமரிமேக்ஸ் தாண்டினால் கொல்லும். பின்னணிச் சேவைக்கு முதலாவதே போதும். எடிட் கட்டளை மூலக் கோப்பைத் தொடாமல் ~/.கான்ஃபிக்/சிஸ்டம்டி/யூசர் கீழே தனித் துண்டாக வைப்பதால் அப்டேட் வந்தாலும் நிலைக்கும். எக்ஸெக்ஸ்டார்ட்டை இப்படி மாற்றுவதாக இருந்தால் முதலில் "எக்ஸெக்ஸ்டார்ட்=" என்று வெற்று வரி ஒன்று எழுதி, அதன் கீழே புதியதை எழுதுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கட்டளை இருப்பதாகச் சொல்லி யூனிட் ஏறாது.

———

கருந்திரை எழுதியது:

எவல்யூஷனும் கிளிப்போர்டும் சரியாகிவிட்டன. மூன்றாவதான 90 நொடிக் காத்திருப்பு இன்னும் இருக்கிறது. கூடவே ஒரு கேள்வி: எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-போர்ட்டலை நிறுத்தலாமா? ஃப்ளாட்பேக் பயன்படுத்துவதில்லை.

———

முனையம்42 எழுதியது:

போர்ட்டலைத் தொடாதீங்க. ஃப்ளாட்பேக் இல்லாட்டியும் ஜிடிகே (க்னோம் வகை) செயலிகள் நிற அமைப்பு, எழுத்துரு எல்லாம் அது வழியாக் கேட்குது. வேலண்ட்ல (எக்ஸ்11-க்குப் பதிலா வந்த திரை முறை) திரைப் பகிர்வும் அது வழியாத்தான். அது பாதி எழுந்து பதில் சொல்லாம நின்னா இன்னும் மோசம்: டி-பஸ் அழைப்புக்கு இயல்பான காத்திருப்பு 25 நொடி, அதனால ஒவ்வொரு செயலியும் திறக்க 25 நொடி எடுக்கும். "டெர்மினல் திறக்கவே அரை நிமிஷம் ஆகுது"ன்னு யாராவது சொன்னா முதல்ல போர்ட்டலோட லாகைத்தான் பார்க்கணும். பெரும்பாலும் டிஸ்ப்ளே மாறி மேனேஜருக்குப் போய்ச் சேராதது காரணமா இருக்கும்.

ஸ்வே மாதிரி தனி விண்டோ மேனேஜர் வெச்சிருக்கிறவங்களுக்கு இது அடிக்கடி வரும். அங்க கிராஃபிக்கல்-செஷன்.டார்கெட்டை நேரா ஸ்டார்ட் பண்ண முடியாது, மறுக்கும். ஸ்வே-செஷன்.டார்கெட்னு ஒண்ணு எழுதி அதுல "பைண்ட்ஸ்டு=கிராஃபிக்கல்-செஷன்.டார்கெட்" வெச்சு, அதை ஸ்டார்ட் பண்ணணும். மாறிகளை இம்போர்ட் பண்ற கட்டளையையும் டார்கெட்டை ஸ்டார்ட் பண்ற கட்டளையையும் ஸ்வே கான்ஃபிக்ல ரெண்டு எக்ஸெக் வரியா எழுதாதீங்க. ரெண்டும் ஒரே நேரத்துல ஓடும், சில லாகின்ல டார்கெட் முந்திக்கும், சேவைகள் விழும். ஒரே வரியில "&&" போட்டு இணைங்க.

———

நூலிழை எழுதியது:

90 நொடி: ஏதோ ஒரு யூசர் சேவை சிக்டெர்ம் (நிற்கச் சொல்லும் சமிக்ஞை) வந்தும் சாகவில்லை. இயல்பான நிறுத்தக் கெடு முடிந்தபின் சிக்கில் (உடனே கொல்லும் சமிக்ஞை) போகிறது. யார் என்று பார்க்க, அடுத்த முறை எழுந்ததும்:

ஜர்னல்சிடிஎல் --யூசர் -பி -1 -ஆர்

முந்தைய ஓட்டத்தின் லாக், கடைசி வரி மேலே வரும். "டைம்ட் அவுட். கில்லிங்" என்று முடியும் வரியில் யூனிட் பெயர் இருக்கும்.

ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் வழக்கமான காரணம்: சிக்டெர்முக்கு ட்ராப் (சமிக்ஞை வந்ததும் ஓட வேண்டிய கட்டளை) எழுதி, அதற்குள் சுத்தப்படுத்தும் வேலையைச் செய்துவிட்டு எக்ஸிட் எழுதாமல் விட்டிருப்பார்கள். ட்ராப் ஓடி முடிந்ததும் ஸ்கிரிப்ட் பழைய சுழலுக்கே திரும்பிவிடும். உங்கள் கிளிப்போர்டு ஸ்கிரிப்டை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். ஊடாடும் நிலையில் ஓடும் பாஷ் என்றால் அது சிக்டெர்மைக் கண்டுகொள்ளவே கொள்ளாது; அதற்கு "சென்ட்சிக்ஹப்=யெஸ்" வேண்டும்.

காரணத்தைச் சரிசெய்ய முடியாத பிறர் செயலி என்றால் அந்த யூனிட்டில் மட்டும் "டைம்அவுட்ஸ்டாப்செக்=10" வையுங்கள். ஒட்டுமொத்தமாகக் குறைப்பதை நான் விரும்புவதில்லை. தரவுத்தளம் வைத்திருக்கும் சேவை எழுதி முடிக்கும் முன் வெட்டுப்படும்.

———

கருந்திரை எழுதியது:

ட்ராப்தான். எக்ஸிட் இல்லை. சேர்த்ததும் அணைவது உடனே நடக்கிறது.

கடைசியாக, எது உண்மையில் பாரம் என்று அளப்பது எப்படி? சிஸ்டம்டி-அனலைஸ் --யூசர் ப்ளேம் காட்டும் வரிசையை நம்பலாமா?

———

தறி எழுதியது:

ப்ளேம் காட்டுவது யூனிட் "எழுந்தது" என்று அறிவிக்க எடுத்த நேரம் மட்டும். டைப்=சிம்பிள் சேவைகள் ஃபோர்க் ஆன (ப்ராசஸ் உருவான) கணமே எழுந்ததாகக் கணக்கு. அதன்பின் 40 நொடி சிபியூவைத் தின்றாலும் ப்ளேம் பட்டியலில் அவை பொதுவாக வராது. அதற்கு, சேவைவாரியாக சிபியூ பாரத்தைக் காட்டும் சிஸ்டம்டி-சிஜிடாப்பை லாகின் ஆன உடனே ஓட்டி இரண்டு நிமிடம் பாருங்கள்.

நினைவகத்தில் இரண்டு கண்கட்டு உண்டு. ஸ்டேட்டஸில் வரும் மெமரி எண்ணில் அந்தச் சேவை படித்த கோப்புகளின் கேஷும் சேர்ந்திருக்கும், எனவே அட்டவணையிடும் சேவை இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். டாப் கட்டளையில் வரும் ஆர்எஸ்எஸ்ஸில் (ப்ராசஸ் நினைவகத்தில் பிடித்திருக்கும் அளவு) பகிர்ந்த லைப்ரரிகள் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் முழுதாக எண்ணப்படும். /ப்ராக் கீழே அந்த எண்ணின் அடைவில் உள்ள ஸ்மேப்ஸ்_ரோல்அப் கோப்பில் பிஎஸ்எஸ் வரியைப் பாருங்கள். பகிர்ந்ததைப் பகிர்பவர்களுக்குள் வகுத்துச் சொல்லும் எண் அது. ஆர்எஸ்எஸ்ஸில் 60 எம்பி காட்டும் சேவை அங்கே அதில் பாதிகூட இல்லாமல் போகலாம். அப்படியானால் அதை நிறுத்தி மிச்சமாவதும் அவ்வளவுதான்.

ஒரு நேரத்தில் ஒரு சேவையை மட்டும் நிறுத்துங்கள். லாகவுட் செய்து, மேனேஜர் சாவதற்காக 10 நொடிக்கு மேல் விட்டுப் பிறகு லாகின் செய்யுங்கள். அதற்கு முன்பே உள்ளே வந்தால் பழைய மேனேஜரே தொடரும், பழைய மாறிகளும் அதில் இருக்கும். லிங்கர் (லாகவுட்டுக்குப் பின்னும் மேனேஜரை விட்டுவைக்கும் அமைப்பு) எனேபிள் ஆகியிருந்தால் எவ்வளவு நேரம் விட்டாலும் சாகாது. /வார்/லிப்/சிஸ்டம்டி/லிங்கர் அடைவில் உங்கள் பயனர் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று அளக்கும் முன் பார்த்துவிடுங்கள்.